கல்லில் தேய்ந்த சோப்பு

கிணற்றடியில் இவர் குந்திக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் ஒரு புது சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

துணி இல்லை. வாளி இல்லை. சோப்பு, கல், ஒரு சொம்புத் தண்ணீர், இவர். அவ்வளவுதான். ரோஜா நிறச் சோப்பு. அதன் உறைக் காகிதம் லுங்கி மடிப்பில் செருகியிருந்தது. கொஞ்சம் தேய்ப்பார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் தேய்ப்பார்.

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்து நான் பார்த்ததில்லை.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சோப்பைப் பழசாக்கிக்கினு இருக்கேன்."

"இன்னாத்துக்கு?"

"ஆபீசரு வராரு ஜைத்தூனு. புதுசா இருந்தா கண்டுபுடிச்சுடுவாரு. நீ உள்ள போ, யாராச்சும் பாத்துடப் போறாங்க."

உள்ளே போனேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாத சோப்பு அது. வரக்கூடாது என்று இவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கொண்டுவந்து, அதற்கு வயது ஏற்றிக்கொண்டிருந்தார் மனுசர்.

போன வாரம் இதே பக்கத்தில் எங்கள் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு இவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என் மூக்கைப் பத்தியெல்லாம் எதுக்கு எழுதற? ஊருக்கு அதான் முக்கியமா?" என்று கோபம். இந்த வாரம் மூக்கு மறுபடியும் வருகிறது. என்ன செய்வது, நடந்தது அப்படி.

சேலத்து டாக்டரம்மா

போன வாரம் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் குளியல் சோப்பு, துணி சோப்பு, சோப்புத் தூள், பல்பொடி, பவுடர், பிஸ்கட், பீடி, தீப்பெட்டி. ஊரில் இவரை 'சோப்பு பாய்' என்றால்தான் தெரியும். பிள்ளைகள் ரெண்டும் பெண்கள். பெரியவள் ஷமீமா, சின்னவள் பர்வீன்.

பர்வீனுக்குப் பிறந்ததிலிருந்தே மெல்லிசுத் தோல். நடக்கத் தொடங்கிய காலத்தில் முழங்கை மடிப்பும் முழங்காலுக்குப் பின்பக்கமும் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி, சொறிந்து சொறிந்து நீர் கசியும். கரப்பான் என்றார்கள். கருவாட்டை நிறுத்தினோம், கத்திரிக்காயை நிறுத்தினோம். ஓதிய தண்ணீர் தெளித்தோம். களிம்பு வாங்கிப் பூசினோம். கொஞ்ச நாள் அடங்கும், பிறகு போன இடத்துக்கே திரும்பி வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் மஞ்சள் கறை படிய ஆரம்பித்தது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்களாம். அதை வந்து சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அடுப்புப் புகையைச் சாக்கு வைத்துக்கொண்டு அழுதேன்.

யாரோ சொல்லி சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். மடிப்புகளை விரித்துப் பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னார்: "வாசனை சோப்பு, சோப்புத் தூள், பவுடர், இது எதுவும் இந்தக் குழந்தை மேல படவே கூடாது. இவளுக்கு ஒத்துக்கல. அவள் படுக்கிற பாய், போர்வை, உங்க துணி எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சில மாசம் நிறுத்திப் பாருங்க." எழுதிக்கொண்டே இவரைப் பார்த்துக் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

இவர் குனிந்துகொண்டு, "சோப்பு வியாபாரங்க" என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவே தும்மியது

எனக்குப் பிறந்த ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அங்கேதான் சுமையை இறக்குவார்கள். சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், சாமை, தினை, தேன். என் அண்ணன் வேண்டியதை வாங்கி மூட்டை கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கண்டக்டர் எங்கள் தெருமுனையில் விசிலடித்து இறக்கிப் போடுவார்.

ஒன்றைப் பிடித்தால் விடாத குணம் எனக்கு. முதலில் குளியல் சோப்புக்குப் பதில் பயத்தமாவு. அடுத்து துணிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். பாத்திரத்துக்குச் சாம்பலும் புளிச் சக்கையும். பிறகு பல்பொடி. கை ஓயவில்லை, அடுப்படிக்குள் புகுந்தேன். கலர் மிட்டாய் போச்சு, பிஸ்கட் போச்சு, பாட்டில் ஜூஸ் போச்சு. பொரிவிளங்கா உருண்டை வந்தது, தினை மாவு வந்தது, நன்னாரி சர்பத் வந்தது.

எல்லாமே நன்றாக வந்தன என்று சொன்னால் இவர் இதைப் படித்துவிட்டு மறுபடியும் சண்டைக்கு வருவார். இவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் டீ நிறத்துக்கு வந்தன. வெல்லம் போட்ட டீயில் பால் திரிந்து, வந்த விருந்தாளி கிளாசை ஜன்னலோரம் வைத்துவிட்டு நழுவினார். என் முதல் பல்பொடியில் உப்பு ஜாஸ்தியாகி ஷமீமா வாயைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியைச் சுற்றி ஓடினாள்.

"எல்லா வூட்லயும் அம்மா இருக்காங்க. எங்க வூட்ல மட்டும் ஒரு மில்லு இருக்குது" என்பாள் ஷமீமா.

ஆனால் பர்வீன் கை ஆறியது. ஒரேயடியாக ஆறவில்லை. கசிவு நின்றது, பிறகு சிவப்பு போனது, பிறகு அந்த இடத்தில் புதுத் தோல் வந்து பட்டாக ஆனது. ஒருநாள் அவள் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசலில் நின்று அவள் தெருத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஈத் பெருநாள்தான்.

இவருக்குத்தான் பெரிய சங்கடம். சோப்புக் கடைக்காரன் பெண்டாட்டி சீயக்காய் மூட்டையோடு மாவு மில்லில் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? மில்லில் சீயக்காயைக் கடைசியாகத்தான் அரைப்பார்கள். அரைத்த மெஷினில் அடுத்து யாரும் அரிசி போட மாட்டார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு போவேன். அது இவருக்கும் வசதியாக இருந்தது.

யாரும் பார்க்கவில்லை, சரி. அதைச் சலிக்க வேண்டாமா? நான் முற்றத்தில் சல்லடையைத் தட்டினால் போதும், தூள் காற்றில் ஏறி நேராகக் கடைக்குப் போகும். முதலில் இவர் தும்முவார். இவர் மூக்கு அப்படி. பிறகு கடையில் நிற்பவர்கள், பிறகு எதிர்க்கடை டெய்லர், பிறகு தெரு.

"இன்னா பாய், வூட்ல சீக்கா சலிக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே சோப்பு வாங்குவார்கள்.

"அது பக்கத்து வூட்லங்க" என்பார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் செய்ததையெல்லாம் கம்பெனி டப்பாவில்தான் போட்டு வைக்கவேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு அலமாரி முழுக்கக் கம்பெனி சரக்காகவே தெரியவேண்டும். என் பல்பொடி கம்பெனி பல்பொடி டப்பாவில் குடியேறியது. பயத்தமாவு பவுடர் டப்பாவிலும், பொரிவிளங்கா உருண்டை பிஸ்கட் டின்னிலும். அப்படி ஒரு வேஷம் போட்ட அலமாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கல்லாப்பெட்டியில் ஒரு சோப்பு

இவர் மட்டும் மாறவில்லை.

"வூட்டுக்குள்ள நீ சொல்றதுதான் சட்டம். துணிய மாத்திட்ட, டீய மாத்திட்ட. என் குளியல மட்டும் வுட்டுடு. சோப்பு விக்கறவன் மேல சோப்பு வாசன இல்லன்னா எவன் வாங்குவான்? எனக்கு இதான் போர்டு" என்றார்.

சொன்ன சொல் காப்பாற்றினார். சோப்பை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. ரோஜா நிறச் சோப்பு, டப்பாவோடு கடையின் கல்லாப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். கடைக்குப் பின்னால் குடோன் குழாயடியில் குளிப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது பத்து வீடு தள்ளி வாசனை வரும்.

பர்வீனுக்கு அந்த வாசனை மேல் உயிர். சாயங்காலம் கடைக்கு ஓடிப்போய் 'அத்தா' என்று இவர் மடியில் ஏறி, கழுத்தில் மூக்கை வைத்து உறிஞ்சுவாள். "போதுண்டி, தீந்துடப் போவுது" என்பார் இவர். எனக்கு அது பார்க்க நன்றாக இருக்கும். அதில் வேறொன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

புளியமரங்கள் சாய்ந்த வாரம்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருசங்கள் அவை. இன்றைக்குக் கடையடைப்பு, நாளைக்குச் சாலை மறியல் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். கேட்டவர்களுக்கு அது தங்கள் பிள்ளைகளின் படிப்பும் வேலையும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலபேர் அவர்கள்தான். மறியலுக்குப் போகும் முன்பு பீடியும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, "பாய், நாளைக்கும் தெறக்காத" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சோப்பு, பல்பொடி, பிஸ்கட் எல்லாம் செய்கிற கம்பெனியிலிருந்து ஆபீசர் வந்தார். பெயர் பாலசுந்தரம். கள்ளக்குறிச்சிக்கும் மலை மேலுள்ள சந்தைகளுக்கும் சேர்த்து ஒரே ஏஜெண்ட் போடப்போகிறார்கள். எங்கள் கடை ஒன்று, தேரடிப் பக்கம் பெரிய கடை ஒன்று. ரெண்டில் ஒன்றுக்கு. கிடைத்தால் கம்பெனியே ஒரு வேன் கொடுக்கும், வேனில் ஏஜெண்டின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

அந்த வேன் இவருடைய பல வருசக் கனவு. தன் பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு வேன் வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறுவதைச் சோறு தின்னும்போதே கையால் வரைந்து காட்டுவார். சாம்பார் எங்கள் மேல் தெறிக்கும்.

பாலசுந்தரம் ஆபீசருக்கு ஒரு பழக்கம் இருந்ததாக இவர் கேள்விப்பட்டிருந்தார். ஏஜெண்ட் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்பார், கை கழுவப் போவது போல் குளியலறையை எட்டிப் பார்ப்பார். அதற்காகத்தான் கிணற்றடியில் அந்தச் சோப்புக்கு வயதேற்றும் வேலை.

"பாத்துட்டுப் போனதும் எடுத்துடுவேன். அரை நாள்தான" என்றார் என்னிடம்.

அரை நாள்தான் இருந்திருப்பார். அவர் வந்த சாயங்காலமே உளுந்தூர்பேட்டை பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். திருநாவலூர் வழியும் இல்லை, எலவனாசூர்கோட்டை வழியும் இல்லை. சேலம் ரோட்டிலும் பஸ் ஓடவில்லை. கடைகள் மூடின. லாட்ஜில் அறை உண்டு, ஓட்டலில் சோறு இல்லை.

"நம்ம வூட்டுக்கு வந்துடுங்க சார்" என்று இவர் கூப்பிட்டுவிட்டார். கூப்பிடாமல் இருக்க முடியுமா? ஊர் தெரியாத மனுசன், பசியோடு நிற்கிறார்.

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். அவர் சைவம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் குயவர் வீட்டிலிருந்து புதுச் சட்டி பானை வரவழைத்துத் தனியாகச் சமைத்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் நாங்கள் வருவதில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன், இன்னும் சின்னப் பிள்ளையான ஷமீமா பரிமாறுவாள். சாமைச் சோறு, புளிக்குழம்பு, வறுத்த வடகம். மனுசர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

டீ நேரத்தில் ஷமீமா பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினாள். பிஸ்கட் வரும் என்று கையை விட்ட ஆபீசர் பொரிவிளங்கா உருண்டையோடு கையை எடுத்தார். ஒரு நிமிசம் அதையே பார்த்தார். கடித்தார். கடிபடவில்லை. இன்னொரு பக்கம் திருப்பிக் கடித்தார்.

"நம்ம கம்பெனி பிஸ்கட் இவ்ளோ கெட்டியா பாய்?" என்றார்.

"மழக்காலமில்லங்களா சார்" என்றார் இவர்.

மழையில் பிஸ்கட் நமுத்துத்தான் போகும். அது இவருக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

அத்தா வாசனை

ஆபீசர் வீட்டிலேயே இருந்ததால் சோப்பை எடுக்கவும் வழியில்லை. குளியலறை மாடத்தில் அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் பர்வீனிடம் தொடாதே என்று சொல்லியிருந்தேன். தொடமாட்டேன் என்றாள்.

மறியல் தொடங்கி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இருக்கும். மத்தியானம் பர்வீன் சோறு வேண்டாம் என்றாள். வெயில் காய்கிற நேரத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனேன். போகும்போதே வாசனை வந்தது.

சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கை மடிப்பு ரத்தச் சிவப்பாக இருந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் அப்படியே. கழுத்து முழுக்கத் தடித்துப் போயிருந்தது. சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது. இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து ஆற்றிய தோல். யா அல்லாஹ் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா சேலத்தில். சேலத்துக்கு வழியில்லை. பழைய களிம்பு டியூபை நசுக்கி நசுக்கிப் பார்த்தேன், ஒரு பொட்டு வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அங்கே இவரும் ஆபீசரும் வேனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க சோப்பைப் பழசாக்குனீங்களே, எங்கொழந்தையோட பழைய ரணத்தப் புதுசாக்கிட்டீங்களே!"

இவர் எழுந்து நின்றார். பர்வீன் கையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். தன் கையிலும் அந்தச் சோப்பு இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்திருக்கும்.

"ஏண்டா கண்ணு அத எடுத்த? அம்மா வேணாம்னு சொன்னாங்க இல்ல?" என்றார்.

பர்வீன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அத்தா மாரி மணக்கணும்னு ஆசையா இருந்துது."

ஈரத்துணியை அவள் கழுத்தில் சரியாகப் போட்டுவிட்டேன்.

இவர் நேராகக் குளியலறைக்குப் போனார். சோப்பை எடுத்துக்கொண்டு வந்து ஆபீசர் முன்னால் டீப்பாயில் வைத்தார்.

"சார், மன்னிச்சுக்கோங்க. இந்த வூட்ல சோப்பே கிடையாது. டப்பா எல்லாம் உங்க கம்பெனி, உள்ள இருக்கறதெல்லாம் இவ. நீங்க வரீங்கன்னு நான்தான் கல்லுல தேய்ச்சு வெச்சேன்."

ஆபீசர் சோப்பைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"தெரியும் பாய். மொத நாளே தெரியும். கையில தேயற சோப்பு நடுவுல குழியும், ஓரம் உருளும். இது தட்டையா இருக்கு, கல்லோட கோடு அப்படியே இருக்கு. பல்பொடியும் எங்களோடது இல்ல, அதையும் பாத்தேன்." சிரிக்கப் பார்த்தார், பர்வீன் கையைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "எங்க போனாலும் எனக்காக ஒரு புது சோப்பப் பழசாக்கித்தான் வெக்கறாங்க. குழந்தைக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எடுத்து என் பெட்டியில போட்டிருப்பேனேய்யா."

வைத்தால் போதும்

மரங்களை அப்புறப்படுத்தி ரோடு திறக்கச் சில நாள் ஆயிற்று. அங்கங்கே துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று கலங்கிக் கிடந்தோம். முதல் பஸ் கிளம்பும் என்று தெரிந்த காலையில் ஆபீசர் பெட்டியோடு கீழே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குக் காது முழுக்க வெளியேதான்.

"பாய், எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. ஏஜென்சி உங்களுக்கே குடுக்கச் சொல்றேன்" என்றார்.

இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டது கதவிடுக்கில் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான். ஏஜெண்ட் வீடுன்னா கம்பெனி ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. படம் எடுப்பாங்க, காலண்டர்ல போடுவாங்க. எங்க சரக்கெல்லாம் வீட்ல இருக்கணும். யாரும் போட வேணாம் பாய். வெச்சா போதும். இதுவரைக்கும் டப்பாவ வெச்சீங்க இல்ல, அதே மாதிரி."

நல்ல மனுசர். எங்களுக்கு வழி செய்து கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று உள்ளேயிருந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எத்தனை வருசமாகச் சோற்றுக் கையால் வரைந்த வேன் அது. அதை நான் பிடுங்கக்கூடாது என்று இருந்தது. ஆனால் அவர் சரி என்று சொன்னால் என்ன செய்வேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.

இவர் நாற்காலியின் கையை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு சொன்னார்:

"வெச்சா எடுத்துக்குவா சார், கொழந்த. அதுல என் வாசன இருக்குதாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க பாய். அவசரமில்ல."

"யோசிச்சுட்டேங்க. வேன தேரடிக் கடைக்கே குடுத்துடுங்க."

ஆபீசர் கிளம்பும்போது ஷமீமா வழிக்கென்று உருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "வீட்ல சுத்தியல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏஜென்சி தேரடிக் கடைக்குப் போனது. வேன் வந்தது. அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்வந்தது. எங்கள் கடையைத் தாண்டும்போது அதன் ஹாரன் சத்தம் கேட்டால் இவர் எடை போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "வருத்தமா இருக்குதாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமா?" என்றார். அப்படி ஒளிக்காமல் சொன்னதற்காகவே அன்றைக்கு எனக்கு இவர் மேல் இன்னும் பிரியம் கூடியது.

அதெல்லாம் பிற்பாடு. ஆபீசர் கிளம்பிப் போன அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பர்வீன் கை சிவப்பு மட்டுப்பட்டு, செதில் விட ஆரம்பித்திருந்தது. ஜும்ஆவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த நேரம் குடோன் குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. கிணற்றடியில் யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில், அன்றைக்குச் சோப்புத் தேய்த்த அதே இடத்தில், இவர் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பயத்தமாவு இருக்கும் பவுடர் டப்பா, சீயக்காய்க் கிண்ணம்.

"இன்னா பாக்கற? எவ்ளோ போடணும்னு தெரில. ஜாஸ்தியா கம்மியா? வந்து தேய்ச்சு வுடு."

"போர்டு இன்னாங்க ஆவறது?"

"போர்டு போவட்டும்."

தேய்த்துவிட்டேன். சீயக்காய் மூக்கில் ஏறித் தும்மினார் பாருங்கள், கிணற்றுக்குள் எதிரொலி கேட்டது. எதிர்க்கடை டெய்லர் தெருவிலிருந்து, "பாய், பக்கத்து வூட்லயா?" என்று குரல் கொடுத்தார். "எங்க வூட்லதான்யா!" என்று இவரும் கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரெண்டையும் அடக்கவில்லை.

குளித்து, டீ நிறத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு வாசலுக்கு வந்தார். பர்வீன் ஓடி வந்தாள். பழக்கம்போலத் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அந்த ரணத்துக்குப் பிறகு இவர் அவளைத் தூக்கியிருக்கவில்லை. பயந்துகொண்டே தூக்கினார்.

அவள் அவர் கழுத்தில் மூக்கை வைத்தாள். உறிஞ்சினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் உறிஞ்சினாள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா," என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாள், "அத்தா என் மாரியே மணக்கறாங்க!"